தறி வீட்டில் தலைதீபாவளி

டிக்கெட் போடுவதற்கு முன் காஞ்சிபுரத்துக்கு ஒரு போன் போடுங்கள். "எப்ப வரட்டும்?" என்று கேட்டுப் பயனில்லை. "எப்ப வேணா வாங்க மாப்ள, இதென்ன கேள்வி" என்பார்கள். அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மாமனார் பட்டுத் தறி போடுகிறவர் என்றால் இப்படிக் கேளுங்கள்: "மாமா, இப்ப தறியில இருக்கிற பாவு எப்ப முடியும்?" பதில் தேதியோடு வரும்.

தறி வீட்டில் சம்பளத்தோடு விடுப்பு கிடையாது. சேலைக்கு இவ்வளவு என்று கூலி. தறி நின்ற நாளுக்குக் காசு இல்லை. கோர்வைச் சேலை ஒன்றுக்கு, வேலைப்பாட்டைப் பொறுத்து, பத்துப் பதினைந்து நாளும் ஆகும், ஒரு மாதமும் ஆகும். ஒரு பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஏற்றிய இழைகளில், பெரும்பாலும் மூன்று சேலை வரும். கடைசிச் சேலையை அறுத்து இறக்கிய பிறகு, புதுப் பாவின் இழைகளைப் பழைய இழைகளோடு ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். அறுத்த நாளுக்கும் பிணைத்து முடிக்கும் நாளுக்கும் நடுவில் கிடைப்பதுதான் அந்த வீட்டுக்கு லீவு. அப்போது போய் இறங்கினால் மாமனார் உங்களோடு நிம்மதியாக ஊர் சுற்ற வருவார். பாதிச் சேலையில் போனாலும் வருவார், மாப்பிள்ளையிடம் மறுக்கத் தெரியாது. ஆனால் அந்த நேரத்தை ராத்திரி விளக்கைப் போட்டுக்கொண்டு ஈடுகட்டுவார். பக்கத்து அறையில் நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள்.

தீபாவளித் தேதியை நகர்த்த முடியாது என்பது தெரிந்ததுதான். லீவை அதற்கு முன்னால் இரண்டு நாள் சேர்த்துப் போடுவதா, பின்னால் சேர்ப்பதா என்பதற்குத்தான் இந்தக் கேள்வி. பெரும்பாலும் பின்னால் சேர்ப்பதே நல்லது. சேலையை முடித்துக் கூட்டுறவு சங்கத்திலோ முதலாளியிடமோ கொடுத்துக் கூலி கைக்கு வந்தால்தான் பண்டிகைச் செலவு நடக்கும். அதனால் தீபாவளிக்கு முந்தைய வாரம் நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. பண்டிகையை ஒட்டி அமாவாசையும் வந்துவிடுகிறது. பல வீடுகளில் அமாவாசையன்று எப்படியும் தறி ஓடாது.

இப்போது எல்லா வீட்டிலும் தறி இருப்பதில்லை. தறிக்குழியை மூடி சிமென்ட் பூசிவிட்டு, பிள்ளைகளை ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் கம்பெனிகளுக்கு வேலைக்கு அனுப்பிய வீடுகள் நிறைய. அங்கே மச்சானின் ஷிப்டைக் கேளுங்கள். மற்றபடி இந்த அத்தியாயம் அவர்களுக்கும் பொருந்தும்.

போய்ச் சேருவது

பெங்களூரிலிருந்து காரில் வந்தால் ஏறக்குறைய 275 கிலோமீட்டர். கிருஷ்ணகிரி, வேலூர், வாலாஜா வழியாக வந்து வெள்ளைகேட்டில் ஊருக்குள் திரும்ப வேண்டும். சென்னைப் பக்கமிருந்து வருகிறவர்களுக்குப் பொன்னேரிக்கரை. தீபாவளிக்கு முந்தின நாள் மாலை சுங்கச்சாவடிகளில் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்கள் மறுபடி அந்த நேரத்தில் கிளம்ப மாட்டார்கள், விடியற்காலையில் புறப்படுங்கள். ரயிலில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, 2024 நவம்பர் வரை இருந்த 120 நாள் கணக்கில் இருந்துவிடாதீர்கள். பெங்களூரு ரயில்களில் அரக்கோணத்தில் நிற்பவற்றில் வந்து இறங்கினால் அங்கிருந்து காஞ்சிபுரம் முப்பது கிலோமீட்டர்தான், சென்னைக்குப் போய்த் திரும்ப வேண்டியதில்லை.

விமானத்தில் வருகிறவர்களுக்கும் அதே யோசனை. மீனம்பாக்கத்திலிருந்து நகரத்துக்குள் நுழையாமலே ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் போய்விடலாம். கடற்கரை நிலையத்திலிருந்து செங்கல்பட்டு சுற்றி வரும் மின்சார ரயில் மலிவு, ஜன்னலோரம் கிடைத்தால் சுகமும் கூட; மூன்று மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். பஸ் என்றால், பண்டிகை நாட்களில் எந்த ஊர் பஸ் எங்கிருந்து புறப்படும் என்பதை அரசு தனியாக அறிவிக்கும். போன வருஷத்து நினைவை நம்பி கோயம்பேட்டில் போய் நிற்காதீர்கள்.

குடை கட்டாயம். ஐப்பசி மழைக்காலம்.

நோன்பு வீடா, கறி வீடா

மாமனாரிடம் பாவைக் கேட்டீர்கள். மாமியாரிடம் கேட்க வேண்டியது: "அத்தை, நம்ம வீட்ல நோன்பு உண்டா?"

மதுரையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ வரும் மாப்பிள்ளைக்கு இது புதிதாக இருக்கலாம். தொண்டை மண்டலத்தில் பல குடும்பங்களுக்குத் தீபாவளி என்றால் கேதார கௌரி நோன்புதான். பட்டாசும் புதுத்துணியும் அதற்கு அப்புறம். அதிரசம், வெற்றிலை, பாக்கு, மஞ்சள் என்று ஒவ்வொன்றும் 21 வைத்து, 21 முடிச்சுப் போட்ட கயிற்றைப் படைத்துக் கையில் கட்டிக்கொள்வார்கள். சதுர்த்தசி விடியலில் எண்ணெய்க் குளியல், அமாவாசையில் நோன்பு. சில வருஷம் இரண்டும் ஒரே நாளில் முடிந்துவிடும். சில வருஷம் நோன்பு மறுநாளுக்குப் போகும். அது முடிகிறவரை அடுப்பில் கறி ஏறாது. நோன்பு இல்லாத வீட்டிலோ காலை எட்டு மணிக்கே இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் வந்துவிடும். முன்கூட்டியே தெரிந்துகொண்டால், கறி வாசனையை எதிர்பார்த்து அதிரசத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிராது.

பெண்ணுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. பிறந்த வீட்டில் நோன்பு உண்டு, புகுந்த வீட்டில் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவள் கயிறு கட்டிக்கொள்ளலாமா? வீட்டுக்கு வீடு பதில் மாறும். இந்தப் பக்கத்தில் பாட்டியை ஆயா என்பார்கள். ஆயா சொல்வதே தீர்ப்பு. கூகுளில் தேடிக் காட்டி அவரிடம் வாதாடியவர்கள் யாரும் ஜெயித்ததில்லை.

எண்ணெய்க் குளியல் விஷயத்தில் மாப்பிள்ளை செய்ய வேண்டியது ஒன்றுதான்: எழுப்பியதும் எழுந்துவிடுவது. நாலு மணிக்கு மணையில் உட்காரவைத்துத் தலையில் நல்லெண்ணெய் வைப்பார்கள். "அப்புறம் குளிக்கிறேன்" என்று நீங்கள் புரண்டு படுத்தால், மாப்பிள்ளை குளிக்காமல் எப்படி என்று வீடே தலையில் எண்ணெயோடு உட்கார்ந்திருக்கும். குளித்து வந்ததும் லேகியம் கொடுப்பார்கள். அளவு பார்க்காமல் விழுங்குங்கள், அன்று சாப்பிடப் போகிற பலகாரத்துக்கு அது தேவைப்படும். மஞ்சள் தடவிய புதுச்சட்டையின் மஞ்சளைத் துடைக்காதீர்கள். பட்டாசுக்கு அவசரம் வேண்டாம். 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் என்று வரையறுத்ததிலிருந்து தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்றுதான் அனுமதி. தலைதீபாவளி மாப்பிள்ளை போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டால் அந்தக் கதை வளைகாப்பு வரைக்கும் ஓடும்.

சீர்

எழுத விருப்பமில்லாத பகுதி இது. ஆனால் தலைதீபாவளியில் கசப்பு வருவது பெரும்பாலும் இங்கிருந்துதான்.

மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை, மோதிரமோ செயினோ, பெண்ணுக்குப் பட்டு, சம்பந்தி வீட்டுக்குப் பலகாரத் தட்டு. மாதச் சம்பளக்காரர் வீட்டில் இது போனஸில் அடங்கும். சங்கத்தில் உறுப்பினராக இருக்கும் நெசவாளிக்கும் பண்டிகையை ஒட்டிப் போனஸ் வரும், ஆனால் அது மோதிரத்துக்குக் காணாது. முதலாளியிடம் நெய்கிறவருக்கு இருக்கும் வழி முன்பணம். அதை வாங்கினால் கழிகிற வரைக்கும் வேறு இடத்துக்குத் தறியை மாற்ற முடியாது, கூலி கூடக் கேட்க வாய் வராது. உங்கள் விரலில் ஏறும் அரைச் சவரனுக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கக்கூடும். அதை யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.

"எனக்கு எதுவும் வேண்டாம் மாமா" என்று தீபாவளியன்று சொல்வது பெருந்தன்மை போலத் தெரியும், உண்மையில் அவமானம். வாங்கி வைத்த பொருளை வேண்டாம் என்கிறீர்கள். சொல்வதானால் ஆவணியிலேயே சொல்ல வேண்டும், முன்பணம் கேட்பதற்கு முன். மாப்பிள்ளை நேராகச் சொல்வதும் சரிப்படாது. மகள் அம்மாவிடம் சொல்லட்டும்: "அவருக்கு மோதிரம் போடற பழக்கமே இல்லம்மா, ஆபீஸ்ல கழட்டித்தான் வைக்கிறாரு. ஒரு நல்ல வேட்டி எடுங்க, போதும்." முழுக்க மறுக்காமல் ஒரு சின்னப் பொருளைக் கேட்டு வாங்கிக்கொள்வது முக்கியம். எதுவுமே கொடுக்காமல் அனுப்பினால் தெருவில் அவர்களுக்குத் தலை குனிவு.

மாப்பிள்ளைக்கு இதில் வேறு வேலை இருக்கிறது, தன் வீட்டில். "மாமனார் வீட்ல என்ன போட்டாங்க?" என்று ஊரிலிருந்து வரப்போகும் கேள்விக்கு, கிளம்புவதற்கு முன்பே தன் அம்மாவிடமும் அத்தையிடமும் பேசி முடித்துவிட வேண்டும். கேட்டு வாங்குவது 1961-லிருந்தே சட்டப்படி குற்றம் என்பதை ஞாபகப்படுத்த வேண்டிய நிலை வந்தால், ஞாபகப்படுத்துங்கள்.

நீங்கள் என்ன கொண்டுபோவது? காஞ்சிபுரத்துக்குப் பட்டுப்புடவை வாங்கிப் போகிற தவறைச் செய்யாதீர்கள். கூட்டு, கரை, ஜரிகை என்று மூன்று தலைமுறை அதைப் புரட்டிப் பார்க்கும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், அதுவே போதும். அத்தைக்கு நல்ல பருத்திப் புடவை, கோவைப் பக்கத்ததோ செட்டிநாட்டுக் கண்டாங்கியோ, கொடுங்கள். பட்டு நெய்கிற வீட்டில் உடுத்துவது பருத்திதான்.

தறி அறையில்

பல வீடுகளில் கூடத்துக்கும் தறிக்கும் நடுவே சுவர் கிடையாது. குழித்தறி தரையோடு தரையாக இருக்கும். நெய்கிறவர் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதிப்பார். அவர் எழுந்து போன நேரத்தில் அந்தப் பலகையில் உட்கார்ந்து செல்பி எடுக்கத் தோன்றும். கேட்காமல் உட்காராதீர்கள். பாவைத் தாண்டாதீர்கள். அதிரசம் தின்ற கையோடு பட்டைத் தொடாதீர்கள், எண்ணெய்க் கறை பட்ட சேலைக்குக் கூலியில் பிடித்தம் உண்டு. காப்பி டம்ளரைத் தறிச்சட்டத்தில் வைக்காதீர்கள்.

போட்டோ எடுப்பதற்கும் ஒரு வரம்பு இருக்கிறது. தறியில் இருக்கும் டிசைன் முதலாளியுடையது அல்லது சங்கத்துடையது. கடைக்குப் போகுமுன் அது உங்கள் இன்ஸ்டாகிராமில் வந்தால், விசைத்தறிக்காரர் பார்த்து நகல் போட அதிக நாள் ஆகாது. மாமனாரின் கையைப் படம் எடுங்கள், முகத்தை எடுங்கள், முந்தியை விட்டுவிடுங்கள்.

பார்க்க வேண்டியது கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனி நாடாவால் நெய்து, சேருமிடத்தில் ஒவ்வொரு ஊடைக்கும் இழையோடு இழை கோத்துக்கொண்டே போவார்கள். மூன்று நாடா ஓடும். இதற்கு ஒரு ஆள் போதாது, பக்கத்தில் உட்கார்ந்து மறுகரை நாடாவைத் தள்ள இன்னொருவர் வேண்டும். முன்பு பையன்கள் உட்கார்ந்தார்கள். இப்போது பெரும்பாலும் அந்த இடத்தில் இருப்பவர் உங்கள் மாமியார். இராட்டையில் தார் (நாடாவுக்குள் வைக்கும் ஊடை நூல்) சுற்றுவதும் அவரே. சேலைக்கென்று வரும் ஒரே கூலியில் இதெல்லாம் அடக்கம், அவர் பெயரில் தனியாக எதுவும் எழுதப்படுவதில்லை.

இதை நான் சொல்லக் காரணம், அதே பெண்மணிதான் மூன்று வேளையும் உங்களுக்கு விருந்து சமைக்கப்போகிறார். ஒரு வேளையை அவர் கையிலிருந்து எடுத்துவிடுங்கள். "அத்தை, கோயில் இட்லி சாப்பிடணும்னு ஆசை, ராத்திரிக்கு நாங்க வாங்கிட்டு வரோம்" என்றால் மறுக்க மாட்டார். வரதராஜப் பெருமாளுக்குப் படைக்கும் அந்த இட்லி, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் மணிக்கணக்கில் வேகும். கடைகளில் கிடைப்பது அதன் தம்பி. பசிக்கு அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

மாப்பிள்ளைக்குக் கை சும்மா இருந்தால் தார் சுற்றக் கற்றுக்கொள்ளலாம். தறியில் கை வைப்பதைவிட அது பாதுகாப்பு. அறுந்தாலும் முடிச்சுப் போடலாம். முதல் அரை மணி நேரம் வீடே சிரிக்கும். மொழி தெரியாத மாப்பிள்ளைகளுக்கு, புனேயிலிருந்தோ லூதியானாவிலிருந்தோ வருகிறவர்களுக்கு, இதைவிட நல்ல பேச்சுத்துணை கிடையாது.

பிரியதர்ஷன் இயக்கிய 'காஞ்சிவரம்' படத்தைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. படத்துக்கும் அதில் நடித்த பிரகாஷ்ராஜுக்கும் தேசிய விருது கிடைத்தது. மகளைப் பட்டுடுத்தி மணம் முடித்துக் கொடுப்பேன் என்று வாக்குக் கொடுத்த நெசவாளி, அதற்காகப் பட்டு இழையைத் திருடுகிற கதை. பார்த்துவிட்டுப் போங்கள், ஆனால் "நிஜமாவே அப்படி நடக்குமா மாமா?" என்று மட்டும் கேட்டுவைக்காதீர்கள்.

கோயில்களுக்கு ஒன்றரை நாள்

ஊரில் எத்தனை கோயில் என்று எண்ண ஆரம்பித்தால் லீவு போதாது. தீபாவளிக்கு மறுநாள் முழுவதும், அதற்கடுத்த நாள் காலையும் ஒதுக்குங்கள். மதியம் பன்னிரண்டு மணி சுமாருக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த வெயில் நேரத்தைத் தூக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டார் முதலில் காமாட்சியம்மனிடம் கூட்டிப்போவார்கள். இந்த ஊர்ச் சிவன் கோயில்களில் அம்மனுக்குத் தனிச் சன்னதி இல்லை, எல்லாவற்றுக்கும் காமாட்சியே அம்பாள் என்பது வழக்கு. அடுத்தது ஏகாம்பரநாதர். 1509-ல் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய தெற்கு ராஜகோபுரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போனால், மூலவர் மண்ணால் ஆன லிங்கம்; பஞ்சபூதத் தலங்களில் இது நிலம். மண் என்பதால் லிங்கத்துக்கு நீர் அபிஷேகம் கிடையாது. பிராகாரத்தில் மாமரத்தடியில் சிவனும் பார்வதியும் கல்யாணக் கோலத்தில் இருக்கிறார்கள். புதுத்தம்பதியை அங்கே நிற்கவைத்துச் சுற்றச் சொல்வார்கள், சுற்றுங்கள்.

கைலாசநாதர் கோயிலுக்கு மட்டும் நீங்கள் இருவரும் தனியாகப் போங்கள், காலை வெயில் ஏறுமுன். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் மணற்கல்லில் கட்டியது. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய ராஜராஜ சோழனே இதைக் கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி என்று கல்வெட்டில் குறிப்பிட்டிருக்கிறான். மதிலை ஒட்டி உள்பக்கமாக 58 சிறு சன்னதிகள் வரிசையாக இருக்கின்றன. சிலவற்றில் சுதைப்பூச்சுக்கு அடியில் பழைய ஓவியத்தின் நிறம் இன்னும் தெரியும். கூட்டம் குறைவு. நாலு நாளாக இருபது உறவினர் நடுவே இருந்த இரண்டு பேருக்கு ஊரிலேயே பேசிக்கொள்ளக் கிடைக்கும் இடம் இதுதான். கருவறையைச் சுற்றிவரும் வழி மிகக் குறுகல். தவழ்ந்து நுழைந்து தவழ்ந்து வெளியே வந்தால் மறுபிறவி இல்லை என்பார்கள். பட்டு வேட்டியில் முயற்சி செய்யாதீர்கள்.

சின்ன காஞ்சிபுரத்து வரதர் கோயிலுக்கு மாமனாரோடு போக வேண்டும். நூற்றுக்கால் மண்டபத்தின் மூலையில் தொங்கும் கல் சங்கிலியையும், தங்கப்பல்லி வெள்ளிப்பல்லியையும் அவர் காட்டினால்தான் அவருக்குத் திருப்தி. அங்கேதான் அத்திவரதர் பேச்சும் வரும். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் குளத்திலிருந்து வெளியே வந்து தரிசனம் தந்தவர், மறுபடி வருவது 2059-ல். அந்த நாட்களில் ஊரே நெரிசலில் திணறியதையும், யார் யார் வீட்டில் எத்தனை பேர் தங்கினார்கள் என்பதையும் கேட்டு முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். குறுக்கிடாதீர்கள், அந்த ஊர்க்காரர்கள் அதைச் சொல்லி அலுப்பதில்லை.

உலகளந்த பெருமாள் கோயிலில் ஒரே வளாகத்தில் நாலு திவ்யதேசம் முடிந்துவிடும். நேரம் குறைவானவர்களுக்கு வசதி. வைகுந்தப் பெருமாள் கோயில் பிராகாரச் சுவரில் பல்லவர் வரலாறு சிற்பமாக ஓடுகிறது; விருப்பமுள்ளவர்கள் போகலாம். கார் இருந்து, மாமனாருக்கும் அரசியல் பேச்சு பிடிக்கும் என்றால் ஒரு மாலை உத்திரமேரூருக்குப் போய்க் குடவோலைக் கல்வெட்டைப் பார்த்து வாருங்கள், முப்பது கிலோமீட்டருக்குள்தான். போகிற வழியெல்லாம் அண்ணா பற்றித்தான் பேச்சு இருக்கும். 1909-ல் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த இந்த ஊர்ப் பிள்ளை முதலமைச்சரானது காஞ்சிபுரத்துக்கு இன்றும் சொந்த வீட்டு விஷயம். நீங்கள் எந்தக் கட்சி என்று கேட்டால் மழையைப் பற்றிப் பேசுங்கள்.

புடவை லிஸ்ட்

ஆபீசில் நாலு பேர் சொல்லிவிட்டிருப்பார்கள்: "காஞ்சிபுரம்தானே போறீங்க, சல்லிசா ஒண்ணு வாங்கிட்டு வாங்க." வாங்கிவர ஒப்புக்கொள்ளாதீர்கள். மீறி ஒப்புக்கொண்டிருந்தால், காந்தி ரோட்டுக் கடைகளில் மாமனாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேரம் பேசாதீர்கள். தான் வாங்கிய கூலியும் அங்கே தொங்கும் விலைச்சீட்டும் எவ்வளவு தூரம் என்பது அவருக்குத் தெரியும். உங்கள் முன்னால் அதை அவருக்கு நினைவுபடுத்துவது கொடுமை. "நீங்க நெய்யறது கடையில எவ்ளோ போகும்?" என்ற கேள்வியும் அதே வகை.

ஆட்டோக்காரர் காட்டும் கடைக்கும் போக வேண்டாம், அவருக்கான கமிஷன் உங்கள் பில்லில் இருக்கும். அறிஞர் அண்ணா, காமாட்சியம்மன், முருகன் என்று பட்டுக் கூட்டுறவு சங்கங்களின் விற்பனை நிலையங்கள் ஊரில் இருக்கின்றன. பண்டிகைக் காலத்தில் தள்ளுபடியும் உண்டு. கைத்தறி முத்திரை, சில்க் மார்க் இரண்டையும் பாருங்கள். புடவையைத் திருப்பி, கரையும் உடலும் சேரும் இடத்தைப் பாருங்கள். கோர்வை என்றால் அங்கே இரண்டு நிறமும் கோத்துக்கொண்ட தடம் பின்பக்கம் தெளிவாகத் தெரியும். ஜரிகை நூல் ஒன்றைப் பிரித்துச் சுரண்டினால் அசல் ஜரிகைக்குள் சிவப்புப் பட்டிழை இருக்கும். செம்புக் கம்பியோ பாலியஸ்டரோ தெரிந்தால் விலையை அதற்கேற்பப் பேசுங்கள். கடைக்காரர் பொய் சொல்கிறாரா என்று மாமனாரைக் கண்ணால் கேட்காதீர்கள். அந்தக் கடைக்கே அவர் நெய்து கொடுக்கிறவராக இருக்கலாம்.

மருமகளாக வருகிறவருக்கு

இதுவரை சொன்னது மாப்பிள்ளையின் சௌகரியம். கணவன் வீடு காஞ்சிபுரம், நீங்கள் தூரத்திலிருந்து பொங்கலுக்கு வருகிற மருமகள் என்றால் கதை வேறு. அவருக்கு மணை, உங்களுக்கு அடுப்படி. இதற்கு அறிவுரை சொல்ல வேண்டியது உங்களிடம் இல்லை, உங்கள் கணவரிடம். பெங்களூரில் பாத்திரம் தேய்க்கிறவர் பிள்ளையார்பாளையத்தில் வந்து சோபாவில் சாய்ந்துவிடுவார், அம்மா முன்னால் எழுந்திருக்கக் கூச்சம். முதல் நாள் காலையிலேயே அவர் எழுந்து காப்பி போட்டுவிட்டால் பிறகு அது பழகிவிடும். மூன்றாம் நாள் ஆரம்பித்தால் நீங்கள் சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும்.

"ஏதாச்சும் விசேஷம் உண்டா?" என்று தெருவில் ஆளுக்கு ஒரு முறை கேட்பார்கள். பதில் சொல்வதும் கணவரின் வேலை. "இருந்தா உங்களுக்குச் சொல்லாமலா அத்தை" என்று சிரித்தபடி ஒரே வாக்கியம், அவ்வளவுதான். மாட்டுப் பொங்கலன்று வரதர் பழையசீவரம் மலைக்குப் பார்வேட்டை போவார். வீட்டில் பாதிப் பேர் அங்கே கிளம்பினால் நீங்களும் கிளம்பிவிடுங்கள். பாலாற்றங்கரைக் காற்றுக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை, சாமி தரிசனம்.

கிளம்பும் நாள்

திரும்பும் டிக்கெட்டை வெள்ளிக்கிழமை போடாதீர்கள், செவ்வாயும் வேண்டாம். வெள்ளியன்று மகளை வீட்டைவிட்டு அனுப்ப எந்த அம்மாவுக்கும் மனம் வராது. அனுப்பினாலும் அந்த வருஷம் நடக்கும் ஒவ்வொரு கெட்டதுக்கும் அந்த வெள்ளியைத்தான் சொல்வார்கள். சனிக்கிழமை லீவு கிடைக்காது என்றால் வியாழன் இரவே கிளம்புவது மேல்.

பையில் பாதியைக் காலியாக வைத்துக்கொண்டு போங்கள், திரும்பும்போது அது நிறையும். அதிரசம் ஈரம் படாத எவர்சில்வர் டப்பாவில் வாரக்கணக்கில் இருக்கும், பிளாஸ்டிக் கவரில் போட்டால் பூசணம் பிடிக்கும். முறுக்கை மேலே வையுங்கள். சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ திரும்புகிறவர்கள் லேகிய டப்பாவைப் பெரிய பெட்டிக்குள் போட்டுவிட வேண்டும். 100 மில்லிக்கு மேல் இருந்தால் கைப்பையில் விடமாட்டார்கள், மீனம்பாக்கத்தில் அந்தக் கறுப்பு உருண்டை என்னவென்று அதிகாரிக்கு விளக்கவும் முடியாது.